பழைய பாட்டுன்னா எந்தப் பழசு?

ஃபோன் வரும். "சார், ஞாயித்துக்கெழம நம்ம முதியோர் ஹோம்ல ஒரு சின்ன புரோகிராம். எல்லாரும் பெரியவங்க. நல்ல பழைய பாட்டாப் பாடிருங்க." இவ்வளவுதான் சொல்வார்கள். கூப்பிடுகிறவருக்குப் பெரும்பாலும் முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். அவருக்குப் பழைய பாட்டு என்றால் கறுப்பு வெள்ளையில் யாரோ ஒருவர் மரத்தடியில் நின்று பாடுவது. அதற்குள் இருக்கும் நாற்பது வருஷ வித்தியாசம் அவர் கண்ணில் படாது.

நான் முதலில் கேட்பது வயசு. "அங்க இருக்கிறவங்களுக்கு எத்தனை வயசு இருக்கும்? எழுபதா, எண்பதா, தொண்ணூறா?" மறுமுனையில் கொஞ்சம் குழம்புவார்கள். பாட்டுக்காரனுக்கு எதற்கு இந்தக் கணக்கு?

கணக்கு இதுதான். ஒரு மனிதர் ஆயுசுக்கும் சுமந்துகொண்டு போகும் பாட்டுகள் பெரும்பாலும் பத்து வயசிலிருந்து இருபத்தைந்து, முப்பது வயசுக்குள் கேட்டவை. நினைவாற்றலை ஆராய்கிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். அந்த வயசு நினைவுகள் மற்ற வயசுகளைவிடத் துருத்திக்கொண்டு நிற்கும். இதை வைத்துப் பின்னோக்கிக் கழித்துப் பாருங்கள். 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்த படம் தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்'. அதைப் பதினைந்து வயசில் பார்த்தவர் இன்று இருந்தால் 95-ஐத் தாண்டியிருப்பார். முதியோர் இல்லம் என்றதும் பாகவதர் பாட்டோடு தொடங்கும் குழுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கூடத்தில் இருப்பவர்கள் மரியாதையாகக் கேட்பார்கள். அது அவர்களுடைய அப்பா முணுமுணுத்த பாட்டு. அவர்களுடையது இல்லை.

இன்றைக்கு எண்பது வயசுக்காரர் என்றால் 'பாசமலர்', 'பாவமன்னிப்பு', 'பாலும் பழமும்' மூன்றும் வந்த 1961-இல் அவருக்குப் பதினாறு. 'நெஞ்சில் ஓர் ஆலயம்' வரும்போது பதினேழு. 'காதலிக்க நேரமில்லை' வந்த 1964-இல் கல்லூரியில் இருந்திருப்பார், அல்லது மில்லில் சேர்ந்திருப்பார். எங்கள் ஊர் கோயமுத்தூர், அதனால் மில் என்று சொல்கிறேன். எழுபது வயசுக்காரருக்கு இந்தக் கணக்கு அப்படியே மாறிவிடும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாங்கள் நான்கு பேர். கீபோர்டு, தபலா, நான், எங்களோடு பாடும் அக்கா ஒருவர். எல்லாருக்கும் வேறு வேலை இருக்கிறது, அல்லது இருந்தது. ஏ.வி.ரமணன் மியூசியானோ என்ற ஆர்கெஸ்ட்ரா நடத்திய காலத்து மேடைக் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். இன்றைக்கு அந்த அளவு ஆர்கெஸ்ட்ரா கட்டுப்படியாகாது. கல்யாண ரிசப்ஷனிலேயே டிராக், அதாவது முன்பே பதிவு செய்த பின்னணி இசையைப் போட்டுப் பாடுகிறார்கள். ஆனால் வயசானவர்கள் முன்னால் டிராக் போட்டுப் பாடுவதில்லை என்று எங்களுக்குள் ஒரு ஒழுங்கு. காரணம் கௌரவம் இல்லை. டிராக் யாருக்காகவும் நிற்காது. முன்வரிசையில் ஒரு பாட்டி சரணத்தின் இரண்டாவது வரியில் தடுமாறி, "ம்... ம்..." என்று வார்த்தையைத் தேடிக்கொண்டிருப்பார். தபலாக்காரர் இரண்டு ஆவர்த்தனம் சும்மா உருட்டிக்கொண்டு காத்திருப்பார். வார்த்தை கிடைத்ததும் பாட்டி நிமிர்ந்து உட்கார்வார். அப்புறம் நாங்கள் சேர்ந்துகொள்வோம். இந்தக் காத்திருப்பை ஒரு எம்பி3 ஃபைல் எப்படிச் செய்யும்?

இங்கே ஒரு குறுக்குப் பேச்சு. ஓய்வு பெற்றவர்களில் பலர் இப்போது வீட்டில் டிராக் போட்டு ஸ்மூல் ஆப்பில் பாடுகிறார்கள், கரோக்கே கிளப்புகளில் சேர்ந்து மாதம் ஒரு முறை கூடிப் பாடுகிறார்கள். அதை நான் குறை சொல்லவே மாட்டேன். சில பேர் எங்களைவிட நன்றாகப் பாடுகிறார்கள். எங்கள் கச்சேரியில் மைக்கை வாங்கிக்கொண்டு திருப்பித் தராதவர்கள் இவர்கள்தான்.

பாட்டு எது என்பது பாதிதான். மீதி சுருதி. கூடத்தில் இருப்பவர்கள் நம்மோடு பாட வேண்டும் என்றால் ஒரிஜினல் சுருதியில் பாடக் கூடாது. டி.எம்.எஸ். உச்சஸ்தாயியில் போய் நிற்கும் இடத்தில் எழுபத்தெட்டு வயசுப் பெரியவர் என்ன செய்வார்? வாயை மூடிக்கொள்வார். மூடினால் அந்தப் பாட்டு முடியும்வரை திறக்க மாட்டார். வயசாக ஆகப் பெண்களின் குரல் தாழும். ஆண்களின் குரல் மெலிந்து சற்றே மேலே போகும். இரண்டும் நடுவில் ஓரிடத்தில் கிட்டத்தட்டச் சந்தித்துக்கொள்ளும். அந்த இடத்தைப் பிடிப்பதுதான் வேலை. சுசீலாம்மா பாட்டுகளை நாங்கள் தாராளமாக இரண்டு கட்டை இறக்கிவிடுகிறோம். சிலதை அதற்கும் கீழே. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது, ஒரு விநாடி வேலை. ஆனால் பாடுகிறவர்களுக்கு இதில் மனசு வராது. "ஒரிஜினல் ஃபீல் போயிடும்ங்க" என்பார்கள். போகத்தான் செய்யும். அந்த ஃபீலுக்கு யூடியூப் இருக்கிறது.

வேகத்தை மட்டும் குறைக்கவே கூடாது. பெரியவர்கள் என்றதும் எல்லாவற்றையும் அரை வேகத்தில் இழுத்துப் பாடும் குழுக்கள் உண்டு. கேட்பவர்களுக்குக் கால்தான் மெதுவாகிவிட்டது, காது ஞாபகத்தில் பாட்டு அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. இழுத்தால் முதல் பல்லவியிலேயே முன்னால் ஓடிவிடுவார்கள், நாம் பின்னால் வந்துகொண்டிருப்போம்.

அப்புறம் சவுண்ட். வயசானவர்களுக்குக் காது கேட்காது, அதனால் வால்யூமை ஏற்று என்பது சவுண்ட் சர்வீஸ்காரர்களின் வேத வாக்கு. முதுமையில் முதலில் போவது மேல் ஒலிகள். ச, க, ட, த போன்ற மெய்யொலிகளின் கூர்மை போய்விடும். பேச்சு காதில் விழும், வார்த்தை பிடிபடாது. இந்த நிலையில் எக்கோவைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? பாடுகிறவருக்குத் தன் குரல் கோயில் மண்டபத்தில் ஒலிப்பது போலச் சுகமாக இருக்கும். கேட்பவருக்குக் கண்ணதாசன் கஞ்சியாகிவிடுவார். காது மெஷின் போட்டிருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். ரிதம் பேடில் ஓங்கி ஒரு அடி அடித்தால் அவர்கள் கை தானாகக் காதுக்குப் போகும். நான் பாடும்போது பார்த்துக்கொண்டே இருப்பது இந்தக் கைகளைத்தான். எக்கோ பூஜ்யம், பேஸ் கம்மி, குரல் மட்டும் முன்னால். இதைச் சொன்னால் மிக்சர் அருகில் உட்கார்ந்திருக்கும் தம்பி, எனக்கு ரசனையே இல்லை என்பது போல ஒரு பார்வை பார்ப்பார்.

மேடையும் வேண்டாம் என்று சொல்லிவிடுவோம். நாற்காலிகளை லாடம் மாதிரி வளைத்துப் போட்டு, தரையில் அவர்கள் கண் மட்டத்தில் நின்று பாடுவது. சக்கர நாற்காலிகளைக் கடைசி வரிசையில் ஓரமாகத் தள்ளிவைப்பது எல்லா இடத்திலும் நடக்கும். அதைப் போனவுடன் மாற்றச் சொல்வோம். நேரம் நாலு மணி, நாலரை. மதியத் தூக்கம் முடிந்திருக்கும், காபி ஆகியிருக்கும், ராத்திரி மாத்திரைக்கு நேரம் இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. அவர்கள் விடுவதில்லை என்பது வேறு விஷயம்.

இனி முக்கியமான சமாசாரம். பெரியவர்கள் என்றால் பக்தி, இல்லாவிட்டால் தத்துவம் என்று யார் முடிவு செய்தது? நிகழ்ச்சி ஏற்பாடு செய்பவர்கள் அனுப்பும் பட்டியலைப் பார்த்தால் எல்லாரும் மறுநாள் காலை காசிக்குக் கிளம்புகிறவர்கள் போலத் தோன்றும். முருகன் பாட்டு நான்கு, அம்மன் பாட்டு இரண்டு, வாழ்க்கை நிலையாமை மூன்று. கூடத்திலிருந்து வரும் விருப்பப் பாட்டுச் சீட்டுகளைப் பார்த்தால் வேறு கதை. பாதிக்கு மேல் காதல் பாட்டு. அதிலும் ஜெமினி கணேசன் பாட்டுகள். பாட்டின் முதல் வரி எழுத மாட்டார்கள், 'கல்யாண பரிசு படத்துல ஜெமினி பாடுறது' என்றிருக்கும். 1959-இல் வந்த படம். இசையமைத்ததும் பாடியதும் ஏ.எம்.ராஜா. அந்தக் குரலை நகல் எடுக்க யாராலும் ஆகாது. நாங்கள் முயல்வதும் இல்லை, மெட்டைக் கெடுக்காமல் பாடிவிட்டு வருகிறோம்.

ஒரு இல்லத்தில் நடந்தது. பெயர் வேண்டாம். ஒரு ஆத்தா, எண்பதுக்குப் பக்கம் இருக்கும். சுங்குடிச் சேலை, காதில் பெரிய ஓட்டை, தோடு இல்லை. கையைத் தூக்கி, "ஏனுங் தம்பி, ஈஸ்வரி பாட்டு ஒண்ணு படிங்" என்றார். பொறுப்பாளர் பெண் உடனே என் பக்கம் குனிந்து, "எல்.ஆர்.ஈஸ்வரி அம்மன் பாட்டு சார், ஆடி மாசம் வேற" என்றார். கீபோர்டுக்காரர் மாரியம்மன் பாட்டுக்குக் கையை வைத்துவிட்டார். ஆத்தா தலையை ஆட்டினார். "அது இல்லீங் கண்ணு. கோயல்லதான் தெனமும் போடறாங்களே. எலந்தப்பழம் படிங்." கூடம் சிரித்தது. 'பணமா பாசமா', 1968, கே.வி.மகாதேவன் இசை. எங்கள் அக்கா பாட ஆரம்பித்ததும் ஆத்தா இரண்டு கையையும் தட்டி, தட்டின கையை அப்படியே பக்கத்து நாற்காலிப் பாட்டியின் தொடையில் போட்டுத் தாளத்தைத் தொடர்ந்தார். பக்கத்துப் பாட்டி முதலில் முறைத்தார். இரண்டாவது சரணத்தில் அவரும் தட்டினார். பொறுப்பாளர் பெண் ஃபோனை எடுத்து வீடியோ எடுக்கத் தொடங்கினார்.

அதே ஈஸ்வரியம்மாவுக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது 'பாசமலர்' படத்தின் கல்யாணப் பாட்டு. 'வாராயோ என் தோழி' போடாத கல்யாணப் பந்தல் கொங்கு நாட்டில் அன்றைக்கு இருந்திருக்காது. தென்னை மரத்தில் கட்டிய புனல் ஸ்பீக்கர் வழியாக இரண்டு ஊருக்குக் கேட்கும். அதனால் அந்தப் பாட்டைப் பாட ஆரம்பித்தால் படம் பார்த்தவர், பார்க்காதவர், சினிமாவே பிடிக்காதவர் எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள். எந்த நிகழ்ச்சியிலும் கூடம் இறுக்கமாக இருந்தால் நாங்கள் கையில் எடுப்பது இதைத்தான்.

தத்துவப் பாட்டே கேட்க மாட்டார்கள் என்றும் இல்லை. ஒரு ஓய்வூதியக்காரர், தனியாக இருப்பவர், 'வீடு வரை உறவு' கேட்டார். 1962-இல் வந்த 'பாத காணிக்கை' படப் பாட்டு. கடைசி யாத்திரையைப் பற்றியது என்பது தமிழ் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். நிர்வாகி எனக்குப் பின்னாலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று கை காட்டினார். நான் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே நாற்காலிக் கையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பாடினேன். யாரும் அழவில்லை. பாட்டு முடிந்ததும், "பாலய்யாவுக்கு நாகேஷ் கதை சொல்லுவாரே, அந்தப் படத்துல இருந்து ஒண்ணு போடுங்க" என்றார். சாவைப் பற்றிய பாட்டுக்குப் பயப்படுகிறவர்கள் பெரும்பாலும் நிர்வாகிகளும் பார்க்க வந்த பிள்ளைகளும்தான்.

அழுகிறவர்களும் உண்டு. போன வருஷம் ஒரு அம்மா, ஒரு சாதாரண டூயட்டுக்கு நடுவில் எழுந்து மெதுவாக வெளியே போய்விட்டார். பின்னால் ஓடிப்போய்ச் சமாதானம் சொல்லும் பழக்கம் எங்களுக்கு இல்லை. பாட்டை நிறுத்தினால் எல்லாரும் அவரையே திரும்பிப் பார்ப்பார்கள், அது அவருக்கு இன்னும் கஷ்டம். அடுத்த பாட்டுக்கு அவரே வந்து உட்கார்ந்தார்.

எங்கள் ஊரில் இந்தப் பாட்டுகளுக்குக் கூடுதலாக ஒரு சொந்தம் உண்டு. சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ இருந்தது. எஸ்.எம்.சுப்பையா நாயுடு அங்கே இசையமைத்தார். எம்.எஸ்.விஸ்வநாதன் இள வயதில் அவரிடம் இருந்து தொழில் கற்றார். டி.எம்.சௌந்தரராஜன் 1950-இல் 'கிருஷ்ண விஜயம்' படத்தில் சினிமாவுக்கு முதன்முதலாகப் பாடியதும் நாயுடுவின் இசையில்தான். பட்சிராஜா ஸ்டுடியோ 1954-இல் 'மலைக்கள்ளன்' எடுத்தது. எம்.ஜி.ஆருக்கு டி.எம்.எஸ். பாடத் தொடங்கியது அந்தப் படத்தில். இதை ஒரு கச்சேரியில் சும்மா சொல்லிவைத்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு தாத்தா, "என்ற மாமன் சென்ட்ரல்ல ஆசாரி. செட்டுக்கு மரம் அறுத்தவரு" என்று எழுந்தே நின்றுவிட்டார். அதற்கப்புறம் இருபது நிமிஷம் பாட்டே இல்லை. யார் எந்த ஷூட்டிங்கை எந்த மதில் மேல் ஏறிப் பார்த்தார்கள் என்ற பேச்சுதான். அந்தப் பாட்டுகளை எங்களிடம் கேட்டதைவிட அவர்களே பேசிக்கொண்டதுதான் அன்றைய நல்ல கச்சேரி.

பாட்டுக்கு நடுவில் என்ன பேசுவது என்பதற்கு எனக்கு ஒரே ஆசான் இலங்கை வானொலி. 1952-இல் பி.வி.கேஸ்கர் ஒலிபரப்பு அமைச்சராக வந்தபின் ஆல் இந்தியா ரேடியோவிலிருந்து சினிமாப் பாட்டு காணாமல் போனது. 1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவித பாரதி வரும்வரை வானொலியில் சினிமாப் பாட்டு கேட்க வேண்டுமென்றால் கொழும்பைத்தான் திருப்ப வேண்டும். விவித பாரதி வந்த பிறகும் இங்கே யாரும் முள்ளை நகர்த்தவில்லை. காலையில் 'பொங்கும் பூம்புனல்', அப்புறம் மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீது. படத்தின் பெயர், பாடியவர், இசை, கவிஞர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள். அந்த வரிசை இவர்களுக்குள் பதிந்து கிடக்கிறது. நான் "படம்..." என்று சொல்லி நிறுத்துவேன். கூடம் படத்தைச் சொல்லும். "பாடியவர்கள்..." என்றால் அதையும் சொல்லும். 'உயர்ந்த மனிதன்' நிலாப் பாட்டுக்குக் கவிஞர் யார் என்று கேட்டால் பாதிப் பேர் கண்ணதாசன் என்பார்கள். "வாலி!" என்று ஒரே ஒரு குரல் ஓங்கி வரும். அந்தக் குரல்காரருக்கு அன்றைக்கு ராஜ மரியாதை. அந்தப் பாட்டுக்குத்தான் சுசீலாவுக்குத் தேசிய விருது, பின்னணிப் பாடகிக்கு என்று நாட்டில் முதன்முதலாகக் கொடுத்தது, என்று நான் எடுத்துக் கொடுப்பேன். அவருக்கு அதுவும் தெரிந்திருக்கும்.

ரேடியோவில் கேட்டவர்கள் என்பதால் இன்னொன்றும் உண்டு. இசைத்தட்டில் வந்ததுதான் அவர்களுக்குப் பாட்டு. தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், மூன்றரை நிமிஷம் என்று அளவு இருந்ததால், படத்தில் இருந்த சரணம் தட்டில் விடுபட்டுப் போவதுண்டு. இப்போது யூடியூபில் படக் காட்சியைப் பார்த்து மூன்றாவது சரணத்தையும் மனப்பாடம் செய்துகொண்டு போய்ப் பாடினால், அதுவரை கூடவே வந்த கூடம் திடீரென்று அமைதியாகிவிடும். இதே காரணத்தால் இடையிசைப் பிட்டுகளை மாற்றவும் முடியாது. கீபோர்டுக்காரர்களுக்குச் சொந்தமாக இரண்டு சங்கதி போடாவிட்டால் கை அரிக்கும். ஆனால் இவர்கள் பாட்டை மட்டுமா மனப்பாடம் செய்தார்கள், வயலினையும் குழலையும் சேர்த்துத்தானே?

நினைவு தப்பியவர்களுக்கான பிரிவு ஒன்றில் இதைக் கிட்டத்தில் பார்த்தேன். ஒரு அம்மா. பிள்ளை வந்தால் யாரென்று தெரியாது, சாப்பிட்டோமா இல்லையா தெரியாது. 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தில் தேவிகா சிதாரை வைத்துக்கொண்டு பாடும் பாட்டை எங்கள் அக்கா பாடினார். அந்த அம்மா பல்லவிக்கு வாயைத் திறக்கவில்லை. பல்லவி முடிந்து இடையிசை வந்ததும், ஜன்னலைப் பார்த்தபடியே சிதார் பிட்டை "ன ன ன" என்று முணுமுணுத்தார். கீபோர்டுக்காரர் சிதார் டோனில் கொஞ்சம் தள்ளி வாசித்துவிட்டார். அந்த அம்மா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி, அவரைப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து சரியாக முணுமுணுத்துக் காட்டினார். கீபோர்டுக்காரர் அதைக் கேட்டு அப்படியே வாசித்தார். பிறகுதான் அந்த அம்மா எங்களைச் சரணத்துக்குப் போக விட்டார். நர்ஸ், "இவங்க இந்த வாரம் யாரையும் நேராப் பாத்ததில்ல" என்றார். இதை வைத்து இசை நோயைக் குணமாக்கும் என்றெல்லாம் எழுதுகிறவர்கள் உண்டு. நான் எழுத மாட்டேன். அடுத்த முறை போனபோதும் அவருக்குப் பிள்ளையைத் தெரியவில்லை. பிட்டு தெரிந்தது.

எரிச்சலான விஷயம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இலவச இல்லங்களில் பெரும்பாலும் யாராவது புரவலர் வருவார். அவர் பிறந்தநாள், அவர் அம்மா நினைவு நாள், ஏதோ ஒன்று. மதியச் சாப்பாடு அவர் செலவு. அது நல்ல காரியம்தான். ஆனால் நான்காவது பாட்டின் நடுவில் மைக்கை வாங்கி, பொன்னாடை போர்த்தி, ஃபோட்டோவுக்கு ஒவ்வொரு பெரியவரையும் தட்டோடு நிமிரச் சொல்லி, அரை மணி நேரம் பேசிவிட்டு, "இப்போ நீங்க கன்டினியூ பண்ணுங்க" என்பார்கள். அதற்குள் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். அதனால் பேச்செல்லாம் முதலிலேயே முடிந்துவிட வேண்டும் என்று இப்போது ஃபோனிலேயே சொல்லிவிடுகிறோம். சொன்னபடி கேட்பவர்களும் உண்டு.

வடவள்ளிப் பக்கம், தொண்டாமுத்தூர் ரோட்டில் எல்லாம் பணம் கட்டிக் குடியிருக்கும் முதியோர் வளாகங்கள் வந்துவிட்டன. அங்கே நிலைமை வேறு. ஏ.சி. ஹால், நல்ல சவுண்ட், மரியாதையான சம்பளம். கேட்பவர்கள் அறுபத்தைந்து, எழுபது. பிள்ளைகள் அமெரிக்காவில். அங்கே போய் 'பாசமலர்' பாடினால் கை தட்டுவார்கள், மனசு ஒட்டாது. 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது இவர்களுக்குப் பதினைந்திலிருந்து இருபத்தொன்றுக்குள். இவர்களுடைய பழைய பாட்டு இளையராஜா. சீட்டு கொடுத்தால் எல்லாம் 76-க்கும் 85-க்கும் நடுவில்தான் வருகிறது. "சார், அது எங்கப்பா காலம்" என்று ஒருவர் டி.எம்.எஸ்ஸையே ஓரமாக வைத்தார். எனக்கே கொஞ்சம் சுருக்கென்றது.

இதில் எங்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல். விஸ்வநாதன் ராமமூர்த்தி பாட்டை ஒரு கீபோர்டும் ஒரு தபலாவும் வைத்து எப்படியாவது கரை சேர்த்துவிடலாம், கூடம் மீதியைப் பாடிக்கொள்ளும். இளையராஜா பாட்டில் பேஸ் கிடார் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும். அது இல்லாவிட்டால் கேட்பவர்களுக்கு ஏதோ குறைகிறது என்று உடனே தெரிந்துவிடுகிறது. கீபோர்டுக்காரர் இடது கையில் பேஸ் வாசித்துப் பார்த்தார், வலது கைக்கு வயலின் இருக்கிறது, முடியவில்லை. ஞாயிறு மாலை நாலு மணிக்கு, பெட்ரோல் காசுக்கும் காபிக்கும், சில சமயம் நல்ல சம்பளத்துக்கும் வரக்கூடிய பேஸ் கிடார்காரர் கோவையில் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நோட்ஸ் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரிஜினலைக் காதால் கேட்டு அப்படியே வாசித்தால் போதும், மாற்றி வாசித்தால் பார்வையாளர்களே திருத்திவிடுவார்கள்.